கூப்பிட்டாக் கேக்காத அப்பா வெடிச்சத்தத்துக்கு மட்டும் ஏன் குந்துறார்?

தங்கச்சி, உங்கட கேள்வியை ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். நீங்கள் எழுதினதைச் சுருக்கிச் சொன்னா இப்பிடி வரும்: அப்பாவுக்கு 64 வயசு, வீட்டில நாலு தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கிறார் இல்லை, ஆனா தைப்பொங்கலண்டு பக்கத்து வீட்டுப் பெடியள் சீனவெடி கொழுத்தின உடன கையில இருந்த தேத்தண்ணிக் கோப்பையை விட்டிட்டு முத்தத்திலயே குந்திட்டார், பிறகு ரெண்டு மணித்தியாலம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, அண்டைக்கு வெடி கொழுத்துவினம் எண்டு அவருக்கு முதலே தெரியும், அம்மா "கூப்பிட்டாக் கேக்காது, உதுக்கு மட்டும் நல்லாக் கேக்குது, வேணுமெண்டு செய்யிறார்" எண்டு சொல்லுறா. அப்பாவுக்குக் காது கேக்குதா இல்லையா எண்டதுதான் நீங்கள் கேட்டது. ஆனா அதுக்குள்ள வேற ரெண்டு கேள்வி இருக்கு. ஒரே காது மெல்லிய சத்தத்துக்கு மந்தமாயும் பெரிய சத்தத்துக்குக் கூராயும் இருக்க ஏலுமோ எண்டது ஒண்டு. வெடிதான் எண்டு தெரிஞ்ச மனிசன்ர உடம்பு ஏன் தெரியாத மாதிரி நடக்குது எண்டது மற்றது. முதலாவதுக்கு உறுதியாப் பதில் சொல்லுவன். ரெண்டாவதில பாதி உறுதி, பாதி ஆராய்ச்சிக்காரரே இன்னும் தங்களுக்குள்ள வாதாடுற விசயம், அதைப் பிரிச்சுக் காட்டுறன்.

நான் யாழ்ப்பாணத்தில காது பரிசோதிக்கிற வேலையை 22 வருசமாச் செய்யிறன். காதுக்குள்ள போற சத்தம் எங்க போகுது எண்டு படிச்சனான், அதோட ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு அந்த ஹெட்போனை மாட்டி "கேட்டா கையை உயர்த்துங்கோ" எண்டு சொல்லிப் பழகினனான். உளமருத்துவம் என்ர துறை இல்லை, உங்கட அப்பாவை நான் பாக்கவும் இல்லை, அதால அவருக்கு இந்த வருத்தம்தான் எண்டு இஞ்ச இருந்து பேர் வைக்க மாட்டன்.

முதல் காது. உட்காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய் இருக்கு, விரிச்சுப் பிடிச்சா 35 மில்லிமீற்றர் அளவுதான் வரும். அதுக்குள்ள மயிர்க்கலங்கள் எண்டு ரெண்டு சாதி. உள் வரிசையில ஏறத்தாழ 3,500, வெளி வரிசையில ஏறத்தாழ 12,000. உள் வரிசைதான் சத்தத்தை நரம்புக்குக் குடுக்கிறது. வெளி வரிசையின்ர வேலை வேற, அதுகள் சத்தத்தோட சேந்து நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தைப் பெருப்பிச்சு உள் வரிசைக்கு எட்டுறமாதிரிச் செய்யுதுகள், காதுக்குள்ளயே ஒரு அம்பிளிபயர் மாதிரி. பெரிய சத்தத்துக்கு அந்த உதவி தேவையில்லை, அதுக்குத் தன்ர பலமே காணும். இப்ப யோசிச்சுப் பாருங்கோ, வயசாலயோ, வெடிச்சத்தத்தாலயோ, லான்ட்மாஸ்டர், வள்ளத்து எஞ்சின், மில் மாதிரிக் கனகாலம் கேட்ட இரைச்சலாலயோ முதல் சாகிறது பெரும்பாலும் அந்த வெளி வரிசைதான், செத்தது மனிசருக்குத் திரும்ப முளைக்காது. வெளி வரிசை போன காதில மெல்லிய சத்தம் மறைஞ்சு போகும், பெரிய சத்தம் முந்தி எவ்வளவு பெரிசாக் கேட்டதோ அவ்வளவு பெரிசாவே கேக்கும்.

இதை நான் கிளினிக்கில ஏணியை வைச்சுத்தான் விளங்கப்படுத்திறது. நல்ல காதுக்கு ஏணி 10, 20 டெசிபெல்லில (சத்தத்தை அளக்கிற அலகு அது) தொடங்கி 100 வரைக்கும் போகுது, 100க்குக் கிட்டச் சத்தம் தாங்கேலாமல் வரும். அப்பாவின்ர காதில கீழ்ப்படியள் முறிஞ்சு போய் ஏணி 50ல தொடங்குது எண்டு வையுங்கோ, ஆனா மேல்முனை அதே 100தான். மற்றவை 80 படியில மெதுவா ஏறுற தூரத்தை அவர் 50 படியில ஏறி முடிக்கிறார், அதால ஒண்டுமே கேக்காத இடத்தில இருந்து சகிக்கேலாத இடத்துக்கு அவருக்குக் கொஞ்சத் தூரம்தான். ஒரு மீற்றருக்குள்ள நிண்டு சாதாரணமாக் கதைச்சா 60 டெசிபெல் வரும், வெட்டைவெளியில தூரம் ரெண்டு மடங்காக ஒவ்வொரு முறையும் 6 குறையும், நாலு மீற்றர் தள்ளி நிண்டு கதைச்சா அது 48 ஆகிடும். அம்மா குசினிக்குள்ள இருந்து கூப்பிட்டது அவற்ர முதல் படிக்குக் கீழ விழுந்திட்டுது. கிட்ட வெடிக்கிற சீனவெடி 130, 140 வரைக்கும் போகக்கூடியது, அது எல்லாப் படியையும் தாண்டித்தான் வந்து நிக்கும்.

உங்கட வீட்டில இந்தக் கதை நடக்குதோ எண்டு பாருங்கோ: மெதுவாக் கதைச்சா "என்ன, என்ன" எண்டுவார், அதையே உரத்துச் சொன்னா "ஏன் இப்பிடிக் கத்துறாய், எனக்கென்ன காது கேக்காதோ" எண்டு கோவிப்பார். கிளினிக்குக்கு வாற பத்துக் குடும்பத்தில எட்டுக் குடும்பம் இதைத்தான் சொல்லும், புருசனும் பெஞ்சாதியும் இதால வருசக்கணக்கா முகம் பாத்துக் கதைக்காமல் வந்திருக்கினம். ரெண்டு பேரும் உண்மைதான் சொல்லுறது. அதோட இன்னொண்டு, இப்பிடியான காதில பெரும்பாலும் முதல் போறது உயர்ந்த சுருதிச் சத்தங்கள். அ, ஆ, ஓ மாதிரி உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில இருக்கு, அது கேக்கும். க், ச், த், ப் எண்ட வல்லின மெய்யளின்ர அடையாளம் மேல் சுருதியில இருக்கு, அது போயிடும். "பால்" எண்டாலும் "கால்" எண்டாலும் அவருக்கு "...ஆல்" எண்டுதான் வந்து சேரும், ஆரோ கதைக்கினம் எண்டு தெரியும், என்ன கதைக்கினம் எண்டு தெரியாது. பொம்பிளையளின்ர, சின்னப்பிள்ளையளின்ர குரல் கூடக் கஷ்டம். வெளியில ஆம்பிளையளோட கதைக்கேக்க ஓரளவு சமாளிச்சுப் போட்டு வீட்டில மட்டும் கேக்காத மாதிரித் தெரியிறதுக்கு இதுவும் காரணம். அதால அம்மாவிட்ட சொல்லுங்கோ, கூப்பிட்டாக் கேக்காததும் வெடிக்குத் துள்ளினதும் ஒரே பழுதின்ர ரெண்டு பக்கமா இருக்கலாம். இவ்வளவும் உறுதியான சங்கதி, ஒருத்தரும் வாதாடாத சங்கதி. உங்கட அப்பாவின்ர காதும் இப்பிடித்தானோ எண்டது பரிசோதிச்சாத்தான் தெரியும்.

ஆனா காதோட கதை முடிஞ்சிடாது. காது நல்லா இருக்கிற ஆக்களும் குனியினம். ஒரு நாள் எங்கட கிளினிக்குக்குப் பக்கத்தில கூரை வேலை நடந்துகொண்டிருந்தது, மேல இருந்து ஒரு தகரம் சீமெந்து நிலத்தில விழுந்திட்டுது. வரிசையில ஒரு 30 பேர் இருந்திருப்பினம். 40 வயசுக்கு மேற்பட்டவை கிட்டத்தட்ட எல்லாரும் தலையைத் தாழ்த்தினம், ஒரு அம்மா பக்கத்தில இருந்த பேரப்பிள்ளையை இழுத்து மடிக்குள்ள அமத்திப் போட்டா. இருபது வயசுப் பெடியள் திடுக்கிட்டுத் தலையை நிமித்தி என்ன விழுந்தது எண்டு பாத்தினம். சத்தம் ஒண்டு, அறை ஒண்டு. நானும் மேசைக்குக் கீழ பாதி போயிட்டன், கையில ஒருத்தரின்ர காதுக்குள்ள பாக்கிற லைற்றோட. அண்டைக்கு இரவு நித்திரை வரேல்லை எனக்கு, பயத்தால எண்டு சொல்லேலாது, நான் படிச்ச பாடம் என்ர உடம்பிலயே நடந்ததைப் பாத்ததால.

அந்தப் பாடம் இதுதான். காதில இருந்து புறப்பட்ட செய்தி ஒரு வழியில மட்டும் போகாது. நரம்பு மூளைத்தண்டுக்கு வந்த உடனேயே ஒரு கிளை பிரிஞ்சு, பொன்ஸ் எண்ட பகுதியில இருக்கிற சில பெரிய நரம்புக்கலங்களுக்குப் போகுது, அதுகள் நேர முள்ளந்தண்டு நரம்புக்கு இறங்கித் தசையளுக்குக் கட்டளை குடுக்குதுகள். இடையில மூண்டு நாலு இணைப்புத்தான். பெரிய சத்தம் சடாரெண்டு வந்தா 30, 40 மில்லி செக்கனில கண் மூடும், 60க்குள்ள கழுத்துத் தசை இழுக்கும், பிறகு தோள் உயரும், முழங்கை மடியும், முழங்கால் தளரும். இதே சத்தம் மேல மூளையின்ர மேற்பட்டைக்குப் போய், "இது வெடி, பக்கத்து வீட்டுப் பெடியன் கொழுத்தினது, இண்டைக்குப் பொங்கல்" எண்டு விளங்கிறதுக்கு அதைவிடப் பல மடங்கு நேரம் வேணும். சத்தம் கேட்ட உடன ஒரு பட்டனை அமத்தச் சொன்னா, ஆயத்தமாக் காத்துக்கொண்டிருக்கிற இளம் ஆளுக்கே 150 மில்லி செக்கன் அளவு பிடிக்கும். ஓட்டப் போட்டியில துவக்குச் சத்தத்துக்குப் பிறகு 100 மில்லி செக்கனுக்குள்ள கால் தள்ளினா அது பிழையான தொடக்கம் எண்டு உலகத் தடகள விதி இருக்கு, மனிசர் சத்தத்தைக் கேட்டு ஓட வெளிக்கிட அவ்வளவாவது வேணும் எண்ட கணக்கில வைச்சது. உங்கட அப்பாவின்ர கண்ணும் கழுத்தும் அந்த 100க்கு முதலே வேலையை முடிச்சிட்டுது. அவருக்குத் தெரிஞ்சது எல்லாம் அந்த நேரத்துக்குள்ள வந்து சேர வழியில்லை.

இது எல்லா மனிசருக்கும் உள்ளது. 1930களில லாண்டிஸ், ஹண்ட் எண்ட ரெண்டு அமெரிக்க உளவியல்காரர் கைத்துவக்கால வெடி வைச்சு, ஆக்கள் திடுக்கிடுறதை வேகமான கமராவில படம் பிடிச்சவை. துவக்குச் சுட்டே பழகின பொலிஸ்காரருக்கும் கண் மூடுறதை நிப்பாட்டேலாமல் போச்சு. அவைக்கும் முதல், டார்வின் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில ஒரு விரியன் பாம்பின்ர கண்ணாடிக் கூட்டோட முகத்தை ஒட்டி வைச்சுக்கொண்டு, பாம்பு கொத்தினாலும் அசையிறேல்லை எண்டு முடிவெடுத்துப் போட்டு நிண்டவர். கண்ணாடி இருக்கு, கடிக்காது எண்டு முழுசாத் தெரியும். பாம்பு கொத்த வந்த உடன ஒண்டு ரெண்டு யார் பின்னால பாய்ஞ்சிட்டார். 1872ல தானே அதை எழுதி வைச்சிருக்கிறார், தன்ர மனவுறுதியும் அறிவும் அந்த இடத்தில எடுபடேல்லை எண்டு. ஆகவே "தெரிஞ்சும் ஏன் பயப்பிடுறார்" எண்டு கேட்டா, தெரியிறது பிந்தி வருது, உடம்பு முந்திப் போகுது எண்டதுதான் முதல் பதில்.

அப்ப பெடியள் ஏன் குந்தேல்லை எண்டு கேப்பீங்கள். அங்கதான் அனுபவம் வருது. அந்தக் கீழ்ப்பாதைக்கு ஒரு வோலியூம் கட்டை மாதிரி இருக்கு, அதை மேல இருந்தும் பக்கத்தில இருந்தும் கூட்டிக் குறைக்கலாம். பயமான நிலையில இருக்கிற ஆள் அதே சத்தத்துக்குக் கூடத் திடுக்கிடுவார், மனிசர் இருட்டுக்குள்ள வெளிச்சத்தில இருக்கிறதைவிடக் கூடத் திடுக்கிடுவினம், இது ரெண்டும் ஆய்வுகூடத்தில திரும்பத் திரும்பப் பாத்த விசயம். அமிக்டலா எண்டு வாதுமைப் பருப்பு அளவில மூளைக்குள்ள ஒரு பகுதி, அதுதான் இந்தக் கட்டையைக் கூட்டுறதில முக்கியமான ஆள். ஒரு ஆபத்தில்லாத சத்தம் திரும்பத் திரும்ப வந்தா உடம்பு பழகிக் குறைக்கும். அதே சத்தத்தோட உண்மையான ஆபத்தும் வந்தா எதிர்ப்பக்கமாக் கூட்டி வைக்கும். எரிக் கான்டெல் எண்டவர் கடல்முயல் எண்டு சொல்லுற ஒரு சின்னக் கடற்பிராணியில இதைக் காட்டினவர். மெதுவாத் தொட்டுக்கொண்டே இருந்தா அது தன்ர செவுளை இழுக்கிறதைக் குறைச்சிடும், வாலில ஒருக்கா மின்சாரம் குடுத்துப் போட்டுத் தொட்டா முந்தியைவிடப் பலமா இழுக்கும், நரம்புகள் சேருற இடத்திலயே அந்த மாற்றம் நடக்குது. 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு இந்த வேலையளுக்காகத்தான்.

உங்கட அப்பாவின்ர வயசைப் பாத்தா 80களில அவர் இளம் பெடியன். சண்டை நடந்த அந்தக் காலத்தில இஞ்ச இருந்த எங்கள் எல்லாருக்கும் காது என்ன படிச்சது எண்டு நீங்கள் பிறகு பிறந்திருந்தாத் தெரியாது. செல், அதுதான் எறிகணை, குத்துற சத்தம் ஒண்டு, விழுற சத்தம் இன்னொண்டு. தூரத்தில "டொம்" எண்டு குத்தினது கேட்டா எண்ணத் தொடங்குவம். எந்தப் பக்கத்தில இருந்து குத்துறாங்கள், கூவிக்கொண்டு தாண்டிப் போகுதோ, இஞ்சதான் வருதோ எண்டு எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஹெலி எது, பொம்பர் எது, அவ்ரோ எது எண்டு ஆகாயத்தைப் பாக்காமலே சொல்லுவம், பிறகு வன்னியில இருந்த சனம் கிபிர் எண்ட குண்டுவீச்சு ஜெட்டை அப்பிடிப் படிச்சது. மழை கொட்டேக்க தகரக் கூரைக்குக் கீழ நல்லா நித்திரை கொண்டனாங்கள், அந்த மழைக்கு நடுவில ஹெலிச்சத்தம் கேட்டா எழும்பிடுவம். நித்திரையிலும் காது மூடுறேல்லை, மூளை தனக்கு வேண்டிய சத்தத்தைத் தெரிஞ்செடுக்குது, நித்திரையா இருக்கிற ஆளின்ர பேரைச் சொன்னா மற்றப் பேருகளைவிட மூளை அலை கூட மாறும் எண்டு 1960லயே பதிவு செய்தவை. அந்த நாளையில குந்தினவன், நிலத்தோட படுத்தவன், பங்கருக்குள்ள பாய்ஞ்சவன் தப்பினான். நிண்டு யோசிச்சு முடிவெடுக்க நேரம் இருக்கேல்லை. உங்கட அப்பாவின்ர உடம்பு அண்டைக்குச் சரியான பாடத்தைச் சரியாப் படிச்சது, இதை வீட்டில எல்லாரும் விளங்கவேணும் எண்டு நான் மனதார விரும்புறன்.

இது பிறவிப் பயந்த சுபாவமோ எண்டும் சிலர் கேக்கிறவை. அதுக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு. வியட்நாம் யுத்தத்துக்குப் போன ஒருத்தர், போகாத அவற்ர ஒரே கரு இரட்டைச் சகோதரன், இப்பிடிச் சோடி சோடியா எடுத்துத் திடீர்ச் சத்தம் குடுத்து இதயத் துடிப்பை அளந்தவை, 2003ல வெளிவந்தது. யுத்த அதிர்ச்சி இருந்தவைக்குத் துடிப்புக் கூட ஏறினது, வீட்டில இருந்த இரட்டைக்கு அப்பிடி ஏறேல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பரம்பரை. ஆகவே பட்ட அனுபவம் உடம்பில எழுதின மாற்றம் அது.

இப்ப சந்தேகமான பக்கம். கன இடத்தில "சத்தம் நேர அமிக்டலாவுக்குக் குறுக்கு வழியில போகுது, அதால பயம் முந்தி வருது" எண்டு எழுதியிருப்பினம். எலியில அந்தக் குறுக்குப் பாதையை ஜோசப் லெடூ எண்டவர் வடிவாக் காட்டினார். மனிசரில அது எவ்வளவு பங்கு வகிக்குது எண்டதில இன்னும் ஒற்றுமை இல்லை, லெடூவே பிறகு, அமிக்டலா ஆபத்துக்கு உடம்பைத் தயார் பண்ணுது, நாங்கள் "பயம்" எண்டு உணருறது வேற இடத்து வேலை எண்டு தன்ர சொல்லை மாத்திக்கொண்டவர். எனக்கு அந்தப் பிரிப்புச் சரியாப் படுது. உங்கட அப்பாவிட்டக் கேட்டா "நான் பயப்பிடேல்லை" எண்டு சொல்லக்கூடும், அதைப் பொய் எண்டு எடுக்காதேங்கோ, கோப்பை விழுந்த நேரத்தில பயம் எண்ட உணர்வு இன்னும் வந்திருக்காது. அதிர்ச்சி பட்டவைக்குக் கண் மூடுற அளவு மற்றவையைவிடக் கூடவோ எண்டதிலயும் ஆய்வுகள் ஒண்டுக்கொண்டு ஒத்துவரேல்லை, இதயத் துடிப்பு கூடுறதுதான் உறுதியாத் தெரியுது. இன்னொண்டு என்ர சொந்த ஊகம், அப்பிடியே எடுங்கோ. ஸ்பெயினில வால்ஸ்-சோலே எண்டவர் 1999ல காட்டினது, ஒருத்தர் ஒரு அசைவுக்கு ஆயத்தமா இருக்கேக்க பெரிய சத்தம் ஒண்டு குடுத்தா, அந்த ஆயத்தம் பண்ணின அசைவே வழமையைவிட நல்ல வேகத்தில வெளிய பாய்ஞ்சிடும். சாதாரணத் திடுக்கிடல் ஆளை முழுசாக் குந்த வைக்காது. அப்பா குந்தினது, பழைய நாளையில ஆயிரம் தரம் செய்து வைச்ச அசைவு அந்தச் சத்தத்தோட அப்பிடியே வெளிய வந்ததாலயோ எண்டு நினைக்கிறன்.

"சண்டை முடிஞ்சு இவ்வளவு வருசம்" எண்டு எழுதியிருந்தீங்கள். சண்டை முடிஞ்ச 2009 மே எங்களுக்குத்தான் ஒரு திகதி, நரம்புக்கு இல்லை. நரம்புக்கு மறக்கிறது எண்டு ஒண்டு பெரும்பாலும் இல்லை, பழைய பாடத்துக்கு மேல புதுப் பாடம் ஒண்டைப் படிக்கிறதுதான் இருக்கு. பாவ்லோவ் நாய்களில பாத்தவர், மணிக்கு எச்சில் ஊறப் பழக்கிப் போட்டு, பிறகு சாப்பாடு குடுக்காமல் மணியை மட்டும் அடிச்சு அந்தப் பழக்கத்தை நிப்பாட்டினாலும், கொஞ்சநாள் விட்டுப் போட்டு அடிச்சா எச்சில் திரும்ப ஊறும். பழைய பாடம் அழியேல்லை, கீழ கிடந்தது. இடம் மாறினாலும், பழைய நாளை நினைப்பூட்டுற மணம், வெளிச்சம், ஏதும் சேந்தாலும் அது மேல வரும் எண்டு பிறகு வந்த ஆராய்ச்சியள் காட்டிச்சுது. சீனவெடியில சத்தம் மட்டும் இல்லை, கந்தக மணமும் புகையும் சேந்து வருது. மூக்கில இருந்து போற நரம்புப் பாதை மற்றப் புலன்கள் மாதிரித் தலாமஸ் எண்ட இடைத்தரிப்பில முதல் நிக்காமல் அமிக்டலாவுக்குக் கிட்டவாப் போறது, அதால சத்தம் ஓய்ஞ்ச பிறகும் மணம் அவரை விட்டிருக்காது எண்டு நினைக்கிறன்.

அந்த ரெண்டு மணித்தியால மௌனத்தைத் திடுக்கிடலோட சேத்து எண்ணாதேங்கோ. திடுக்கிடல் ஒரு செக்கனுக்குள்ள முடிஞ்சிடும். பிறகு உடம்பை உசுப்புற ஓமோன்கள் வரும், அட்ரினலின் சில நிமிசம், கோர்ட்டிசோல் 20, 30 நிமிசத்தில உச்சிக்கு ஏறி அடங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். அதுக்கும் மேல அவர் கதைக்காமல் இருந்ததை உடம்பால மட்டும் விளங்கப்படுத்தேலாது. எல்லாருக்கும் முன்னால கோப்பையை விட்டிட்டுக் குந்தின வெக்கமா இருக்கலாம், ஆரையோ நினைச்சிருக்கலாம். அது என்ர துறை இல்லை. ஆனா இரவில கெட்ட கனவு, நித்திரையின்மை, வெடி நடக்கிற கோயில் திருவிழாவுக்கே போகாமல் ஒதுங்கிறது, சின்ன விசயத்துக்கும் கோவம், இதுகளும் இருந்தா உளமருத்துவரிட்டக் கட்டாயம் காட்டுங்கோ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலயும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலயும் உளநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட தேசிய உளநல இலக்கத்துக்குப் போன் பண்ணியும் கதைக்கலாம். இதுக்குப் பலன் தாற பேச்சுச் சிகிச்சையள் இருக்கு, கன வருசம் போன பிறகும் பலன் குடுக்கும். எங்கட மண்ணிலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தம் நடக்கேக்கயே இதைப் பற்றித் தமிழில எழுதினவர், எங்கட சனத்துக்குப் புது விசயம் இல்லை இது.

காதைப் பொறுத்தவரை நான் செய்யச் சொல்லுறது. முதல் ஒரு காது மூக்குத் தொண்டை டொக்டரிட்டக் காட்டிக் குறும்பி அடைச்சிருக்கோ, செவிப்பறையில பழைய ஓட்டை ஏதும் இருக்கோ எண்டு பாருங்கோ, கிட்ட வெடிச்ச சத்தத்தால செவிப்பறை கிழிஞ்சு, அது தெரியாமலே இருபது முப்பது வருசம் இருந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். பிறகு ஒடியோகிராம் எடுங்கோ, எந்தச் சுருதி எவ்வளவு சத்தத்தில கேக்கத் தொடங்குது எண்டு கோடு போட்டுக் காட்டுற தாள் அது, அதோட சத்தம் எந்த அளவில தாங்கேலாமல் வருது எண்டதையும் அளந்து தரச் சொல்லிக் கேளுங்கோ, கேக்காட்டி அதைக் கன இடத்தில செய்யமாட்டினம். காது கேக்கிற மெசின் போட்டா வெடி இன்னும் பெரிசாக் கேக்குமோ எண்டு பயப்பிட வேண்டாம், இப்பத்தையில மெசினில மெல்லிய சத்தத்தைக் கூடவும் பெரிய சத்தத்தைக் குறையவும் கூட்டுற வசதி இருக்கு, உச்ச அளவுக்கு ஒரு வரம்பும் வைக்கலாம், அந்தத் தாங்கேலாத அளவைப் பாத்து அதைச் சரியா வைக்கிற ஆளிட்டப் போகவேணும். சரியா வைக்காத மெசினால வெறுத்து அலுமாரிக்குள்ள போட்டவை கனபேர்.

சத்தத்துக்குப் பயந்து நாள் முழுக்கக் காதுக்குள்ள பஞ்சு வைக்க விடாதேங்கோ. ரெண்டு கிழமை காதை அடைச்சு வைச்சா, எடுத்த பிறகு அதே சத்தம் முந்தியைவிடப் பெரிசாக் கேக்கும் எண்டு செய்து பாத்திருக்கினம், மூளை வோலியூமைக் கூட்டிப் போடுது. வெடி கொழுத்துற அந்தப் பத்து நிமிசத்துக்கு அடைக்கிறதில பிழையில்லை. வீட்டில கூப்பிடேக்க கிட்டப் போய், முகம் தெரிய, வெளிச்சத்தில நிண்டு, கத்தாமல், கொஞ்சம் ஆறுதலாக் கதையுங்கோ. பின்னால போய்த் தோளில தட்டாதேங்கோ.

வெடியைப் பற்றி. "இண்டைக்குக் கொழுத்துவினம்" எண்டு தெரியிறதும் "இந்தா இப்ப வெடிக்கப் போகுது" எண்டு தெரியிறதும் உடம்புக்கு ரெண்டு வேற விசயம். நேரம் தெரிஞ்சாத் திடுக்கிடல் குறையும், தன்ர கையால உண்டாக்கிற சத்தத்துக்கு இன்னும் குறையும். என்ர பெரியப்பா ஒருத்தர், 95 இடப்பெயர்வில தென்மராட்சிக்கு நடந்து போனவர், கன வருசம் பொங்கலண்டு விடியவே வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திடுவார். ஒரு வருசம் தானே வந்து "முதல் வெடியை நான் கொழுத்துறன்" எண்டு பெடியளிட்ட வாங்கினார். அதுக்குப் பிறகு முத்தத்தில நிக்கிறவர், மற்றவை கொழுத்தினா இப்பவும் தோள் துள்ளும், ஆனா நிண்டு பொங்கிறதைப் பாப்பார். ஒருத்தரும் அவரை வற்புறுத்தேல்லை, அதுதான் முக்கியம். "பழகினாச் சரியாகும்" எண்டு சொல்லி அப்பாக்குப் பக்கத்தில வேணுமெண்டு வெடி போட ஆரையும் விடாதேங்கோ, அவருக்கு அது பழைய பாடத்தைத்தான் இன்னும் பலமாக்கும். பக்கத்து வீட்டுப் பெடியளிட்ட ஒருக்காக் கதைச்சு, கொழுத்த முதல் மதிலுக்கு மேலால அப்பாவுக்குக் கை காட்டச் சொல்லுங்கோ, சொன்னாச் செய்வாங்கள்.

ஒடியோகிராம் எடுத்த பிறகு அந்தத் தாளில சுருதியின்ர அளவு 4000 எண்டு போட்ட இடத்தில கோடு கீழ பள்ளமா விழுந்து, 8000ல திரும்ப மேல வருதோ எண்டு பாருங்கோ. அப்பிடி வந்தா வயசைவிட வெடிச்சத்தமோ இரைச்சலோதான் கூடக் காரணமா இருக்கும். ரெண்டு காதுக்கும் உள்ள எண்களை இஞ்ச எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.